வடைச்சட்டியை மலைக்கு ஏற்றிய பிறகு

எங்கள் தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டு ஏர் ஃப்ரையரை வந்து பார்த்துவிட்டார்கள். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் மனைவி ஒரு பதில் வைத்திருக்கிறாள், நான் ஒன்று வைத்திருக்கிறேன். அவளுடையது சுருக்கம்: "உளுந்த வடைக்கு ஆகாது." என்னுடையது கொஞ்சம் நீளம். கேட்டவர்கள் பாதியிலேயே வேறு சோலி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீடு போடியில். மலையுச்சியில் இருக்கிற போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கும் சரிவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. காலையில் ஜீப்பில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். அடிவாரத்து முந்தல் தாண்டியதும் போன் செத்துவிடும். பிறகு மெட்டில் கொஞ்சம் உயிர் வரும். எங்கள் தோட்டத்தில் என்றால், காய் காய வைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற ஒரு பாறை மேல் ஏறி நின்றால் மட்டும் சிக்னல் ஒரு கோடு காட்டும்.

காய் எடுக்கிற பெண்களும் கீழேயிருந்துதான் வருகிறார்கள். சிலமலை ஊரிலிருந்து ஐந்து பேர், எங்கள் தெருப்பக்கம் நான்கு பேர். ஒரு எடுப்பு, அதாவது ஒரு சுற்றுக் காய் பறிப்பு, முடிகிற கடைசி நாளில் அவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆமவடை போகும். கல்யாணமாகி வந்த வருடம் என் மனைவி தொடங்கிய பழக்கம் அது. மதிய ஜீப்பில் தூக்குவாளி வரும். காயெடுத்துக் கறுத்த விரல்களை மண் போகக் கழுவிவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். தோட்டத்துக்குச் சொந்தக்காரன் நான்தான் என்றாலும் அந்தப் பெண்களுக்கு முதலாளி அவள்தான். எனக்குச் சொல்லாத சங்கதியெல்லாம் வடை வாளியைத் திருப்பி அனுப்பும்போது ஜீப்காரர் வழியாக அவளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு.

அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியதை முதலில் கவனித்தவன் நான் இல்லை. கோலம் போடும்போது எதிர்வீட்டுப் பெண் பார்த்துச் சொன்னாள். சும்மா வைத்திருக்கும்போதுதான் அதிகம் ஆடும். எதையாவது பிடித்தால் கொஞ்சம் அடங்கும். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு சம்பந்தப்பட்டது, பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார் டாக்டர். முற்றிலும் போகாது, மாத்திரையில் கட்டுப்படுத்தலாம் என்றார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வழக்கமாகச் செய்யும் வேலையை இவர்கள் விடக்கூடாது, மூலையில் உட்கார வைக்காதீர்கள். இன்னொன்று, கொதிக்கிற எண்ணெய், கொதிக்கிற தண்ணீர் பக்கம் கவனம். நான் இரண்டாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்கு அடுத்த எடுப்பில்தான் எண்ணெய் தெறித்தது. தட்டிய வடையைச் சட்டி ஓரமாக வழுக்கி விடுவதுதான் அவள் வழக்கம். கை ஆடியதில் அது மேலிருந்து சட்டிக்குள் விழுந்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே நான்கு இடத்தில் கொப்புளம். அந்தக் கையோடு மீதி வடையையும் சுட்டு, வாளியைக் கட்டி, ஜீப்பில் ஏற்றிவிட்டுத்தான் மஞ்சள் பூசியிருக்கிறாள். எனக்கு எதுவும் தெரியாது. மலையில் உட்கார்ந்து ஐந்து வடை தின்றேன். உப்பு ஒரு கல் கூடுதல் என்று ஜீப்காரரிடம் சொல்லி வேறு அனுப்பினேன். சாயங்காலம் வந்து கையைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

பயந்த மனுஷன் என்ன செய்வான்? நான் செய்தது இது. மறுநாள் காலை அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அந்த இரும்பு வடைச்சட்டியைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் போட்டு மலைக்குக் கொண்டுபோய்விட்டேன். ஸ்டோரில் ஆணி அடித்து மாட்டினேன்.

அதன் பிறகு நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு வரும், குழம்பு வரும், பேச்சு வராது. ஐந்தாம் நாள் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"சட்டிய எடுத்துட்டுப் போனீகள்ல, அப்படியே அரிவாமனையையும் எடுத்துட்டுப் போங்க. அம்மியத் தூக்க ஆள் வேணும்னா ரெண்டு பேரக் கூட்டிக்கிருங்க."

"ஒன் நல்லதுக்குத்தான் பிள்ள."

"எனக்குக் கைதான் ஆடுது. புத்தி ஆடல."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஆனால் சட்டியைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. பிடிவாதத்தில் எங்கள் வகையறாவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

அடுத்த எடுப்பின் கடைசி நாள் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வடை வாங்கிப் போனேன். நல்ல கடை, நல்ல வடைதான். பெண்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. சிலமலை அம்மா ஒருத்தி மட்டும், "அக்கா நல்லாருக்காகளாண்ணே?" என்று கேட்டாள். நல்லாருக்கா என்றேன். அவள் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனாள். திருப்பி அனுப்ப வாளி இல்லாததால் அன்றைக்கு என் மனைவிக்கு எந்தச் சங்கதியும் போகவில்லை. வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை இன்னொரு கையால் மடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் டாக்டர் சொன்ன முதல் விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் ஏர் ஃப்ரையரை அனுப்பி வைத்தாள். பெட்டி வந்த அன்றைக்கே அதைப் பிரிஜ்ஜுக்கு மேல் ஏற்றிவிட்டாள் என் மனைவி. எனக்கும் அதில் ஆர்வம் இல்லை. டிவி விளம்பரத்தில் பார்த்த வரைக்கும் அது கொழுப்பு ஏறிப்போனவர்களுக்கான சாமான். எங்கள் இரண்டு பேருக்கும் கொழுப்பு உடம்பில் இல்லை, வாயில்தான். போனில் மகளிடம் இதைச் சொன்னேன்.

"அப்பா, கொழுப்புக்காகவா அனுப்பிச்சேன்? அதுல எண்ணெய் கொதிக்கவே கொதிக்காதுப்பா. கூடைய உள்ள தள்ளுனா அதுவா வேகும், அதுவா அணைஞ்சிரும். அம்மா கைமேல தெறிக்க ஒண்ணுமே இல்ல."

பாறை மேல் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடிக்கிற காற்றில் கோடு போய்விடுமோ என்று பயந்து, "இத மொதல்லயே சொல்லக்கூடாதா ஆத்தா?" என்று கத்தினேன். மூன்று தடவை சொன்னாளாம். நான்தான் வெள்ளைப்பூண்டு விலை பேசிக்கொண்டிருந்தேனாம்.

மனைவியிடம் சொன்னால் மசியமாட்டாள். சட்டியைத் திருடியவன் கொடுக்கிற சாமானை எப்படித் தொடுவாள்? ஆகவே நானே செய்து காட்டுவது என்று முடிவெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது பருப்பை ஊறப்போட்டு, கொரகொரவென்று அரைத்து, வெங்காயம், சோம்பு எல்லாம் போட்டு வடை தட்டிக் கூடையில் அடுக்கினேன். ஏழு பிடித்தது. இனி எவ்வளவு சூடு வைப்பது என்ற கேள்வி வந்தது.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். நான் வாழ்நாளெல்லாம் ஏலக்காய் காய வைத்தவன். ஸ்டோரில் பச்சைக்காயைத் தட்டில் பரப்பி, முதலில் சூட்டைக் கம்மியாகக் கொடுத்து, ஜன்னலைத் திறந்து வேர்வையை வெளியே விட்டு, மெதுவாக, மெதுவாகக் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் காய் வெளுத்துவிடும். நிறம் போன காயை எவன் தொடுவான்? சூடான காற்று என்றாலே என் கை தன்னால் சூட்டைக் குறைக்கத்தான் போகும். இந்த மிஷினும் சூடான காற்றுதானே என்று நினைத்தேன். அட்டையில் நூற்றெண்பது என்று போட்டிருந்தது. எழுதியவனுக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டேன். இருந்ததிலேயே குறைச்சலான சூடு எண்பது. அதுவே அதிகம் என்று பட்டது. எண்பதில் வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூடையை வெளியே இழுத்து ஆவியை விட்டு, திருப்பிப் போட்டு, மறுபடி உள்ளே தள்ளினேன். இரண்டரை மணி நேரம். தலையில் துண்டு கட்டி, ஸ்டோரில் நிற்கிற மாதிரியே நின்றேன்.

அவள் கோயிலுக்குப் போய், தங்கச்சி வீட்டுக்கும் போய்த் திரும்பி வந்தபோது ஏழு வடையையும் வெள்ளைத் தட்டில் அடுக்கி முன்னால் நீட்டினேன். அரைத்த மாவு என்ன மஞ்சளோ அதே மஞ்சள். கறிவேப்பிலை பச்சையாகவே இருந்தது.

"நெறம் எப்படி நிக்கிது பாத்தியா?" என்றேன். உண்மையிலேயே பெருமையாகத்தான் இருந்தது.

அவள் ஒன்றை எடுத்துத் தட்டில் தட்டினாள். டக் டக் என்றது. உடைக்கப் பார்த்தாள், உடையவில்லை. மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகு என் தலைத்துண்டைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"ஆத்தாடி... வடைய ஸ்டோர்ல ஏத்திட்டீகளா?"

சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாக்குல கட்டி ஏலத்துக்கு அனுப்புங்க, எட்டு மில்லி சைசு, மொதத்தரக் காயின்னு எடுப்பாக" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். மதுரைக்குப் போய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அசடு மாதிரி நின்றேன்.

"தள்ளுங்க அங்கிட்டு," என்றாள். "மீதி மாவு எங்க?"

அன்றைக்கு அவள் கைக்குப் போனதுதான் அந்த மிஷின். நூற்றெண்பதில் வைத்தாள். வடையை நான் தட்டியதைவிட மெல்லிசாகத் தட்டினாள். மேலே விரலால் எண்ணெய் தொட்டுத் தடவினாள். கூடைக்கு மேலே கை ஆடியது. ஒரு வடை நழுவி விழுந்தது. நான் பதறி ஒரு எட்டு வைத்தேன். அது கூடையில் சும்மா விழுந்து சும்மா கிடந்தது. தெறிக்க அங்கே ஒன்றும் இல்லை. அவள் அதை எடுத்து மறுபடி வட்டமாக்கி வைத்தாள். எனக்குப் பல மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று அப்போது கீழே இறங்கியது.

பதினாறு நிமிஷத்தில் வெந்தது. வடை எப்படி? உள்ளதைச் சொல்கிறேன். எண்ணெயில் பொரித்த வடை இல்லை அது. ஓரமெல்லாம் பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பு. நடுவில் சற்று வறட்சி. சாப்பிட்டுக் கையைத் துடைத்தால் துண்டில் எண்ணெய் ஒட்டாது, அது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது. அடுத்தடுத்து அவள் மாவில் கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்தாள், பாதிப் பருப்பை நைசாக அரைத்தாள், வறட்சி போனது. உளுந்த வடை மட்டும் கடைசி வரை வசப்படவில்லை. மாவு கூடையின் ஓட்டை வழியாக ஒழுகி அடியில் போய் அடையாக வெந்தது. அதைச் சுரண்டியவன் நான்தான். கருவாடு பிரமாதம். உருளைக்கிழங்கும் சேனையும் நன்றாக வரும். அப்பளம் காற்றில் பறந்து மேல் கம்பியில் ஒட்டிக் கருகும், போடாதீர்கள். கூட்டம் உள்ள குடும்பத்துக்கு ஆகாது, ஒரு தடவைக்கு ஏழுதான். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர், போதும்.

ஆனால் எடுப்பு முடிகிற நாளுக்கு முப்பது வடையாவது வேண்டும். அதற்கும் அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். ஒன்பது மணிக்குத் தொடங்குவாள். ஐந்து ஈடு. முக்காலியை நகர்த்திவிட்டு ஒரு நாற்காலியைச் சமையலறைக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். பதினொன்றரைக்கு ஜீப்பு தெருமுனையில் ஆரன் அடிக்கும்போது வாளி தயாராக இருக்கும். முதல் தடவை வாளி மலைக்கு வந்தபோது பெண்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நிறமும் மினுமினுப்பும் வேறு மாதிரி இருந்ததல்லவா. கடித்துப் பார்த்த சிலமலை அம்மா, "கை அக்கா கைதான்" என்றாள். அன்றைக்கு வாளியோடு கீழே போன சங்கதி ஏகப்பட்டது. யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்பதிலிருந்து நான் மத்தியானம் ஸ்டோரில் குறட்டை விட்டது வரை.

"வடச்சட்டிய கொண்டாரட்டுமா?" என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

"வேண்டாம், அங்கயே கெடக்கட்டும். மழைக்கு ஒழுகுற எடத்துல வச்சுக்கிருங்க," என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்பதற்கு அதற்கு மேல் எனக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை. மதுரைக்குப் போய் வந்ததிலிருந்து பாறை மேல் ஏறி, "அடுப்ப அணைச்சுட்டியா?" என்று தினமும் பதினொரு மணிக்குக் கேட்டுக்கொண்டிருந்ததையும் நிறுத்திக்கொண்டேன்.

போன எடுப்பின் கடைசி நாள் ஜீப்பு வந்தது, வாளி வரவில்லை.

"ரெண்டு தரம் ஆரன் அடிச்சேண்ணே. அக்கா வரல. வேற ஜீப்புல குடுத்துட்டாகளோன்னு வந்துட்டேன்," என்றார் ஜீப்காரர்.

பாறை மேல் ஏறிப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஜீப்பைத் திருப்பச் சொல்லி ஏறிக்கொண்டேன். மெட்டில் ஒரு தடவை, கீழே முந்தலில் ஒரு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் எனக்கு ஒவ்வொரு மாதிரியாகத் தோன்றியது. வழுக்கி விழுந்திருப்பாள். கரண்ட் அடித்திருக்கும். அந்த மிஷினை வாங்கி அனுப்பிய மகளைத் திட்டினேன், அதை நம்பிப் போன் போடுவதை நிறுத்திய என்னைத் திட்டினேன். ஜீப்காரர் வெரசா ஓட்டினார்.

வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கொல்லைக் கதவுக்கு என்னிடம் சாவி இருக்கிறது, கை நடுங்கிச் சாவி துவாரத்தில் ஏறவில்லை. என் கைதான்.

சமையலறையில் தீய்ந்த வாடை இல்லை. புகை இல்லை. நாற்காலியில், தலையைச் சுவரில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மிஷின் தன் நேரம் முடிந்ததும் தானாக அணைந்துபோயிருந்தது. கூடையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். கடைசி ஏழும் பதமாக வெந்து, ஆறிக் கிடந்தன. போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. முந்தின வாரம்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருந்தார், தூக்கம் வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அவள் வலது கை மடியில் இருந்தது. அது ஆடவில்லை. தூக்கத்தில் அந்த நடுக்கம் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியாது. இருட்டில் பக்கத்திலேயே படுத்திருந்தும் பார்த்ததில்லை. விரல்கள் பழையபடி, அரைத்த மாவு காய்ந்து ஒட்டிய விரல்கள், அசையாமல் இருந்தன. நான் தரையில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது, அவள் கண் விழித்தாள். கையும் விழித்துக்கொண்டது.

"நீங்க ஏன் இந்நேரத்துல வந்தீக?"

"வடைய எடுத்துட்டுப் போக வந்தேன்."

"ஆரன் அடிச்சானா? ஐயோ, ஜீப்பு போயிருச்சா?"

"முனையிலதான் நிக்கிது. மெதுவா எடு."

கடைசி ஏழையும் அவளே வாளியில் அடுக்கினாள். நான் உதவிக்குப் போகவில்லை.

மறுபடி மேலே போய்ச் சேர்ந்தபோது பெண்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பத் தயாராக நின்றார்கள். என் முகத்தைப் பார்த்து எல்லோரும் ஓடி வந்தார்கள். "அக்காவுக்கு என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. வடைய வேக வச்சுட்டுத் தூங்கிட்டா," என்றேன்.

சிலமலை அம்மா வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தூங்குனாகளா? நானும் பேரன் பேத்தி எடுத்துட்டேன், எண்ணெய்ச் சட்டி முன்னால கண்ணு அசந்த பொம்பளைய இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்லண்ணே. தூங்கட்டும், நல்லாத் தூங்கட்டும்."